ரத்தக்கட்டு

அடிபட்ட கறி கண்ணுக்குத் தெரியும். தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

கறிக்கூடத்தில் அதற்கு அவனைத்தான் கூப்பிடுவார்கள். கொக்கியில் தொங்கும் உரித்த ஆட்டின் தொடையிலோ விலாவிலோ ஒரு திட்டு இருந்தால் மேஸ்திரி குரல் கொடுப்பார். அவன் வெட்டுக்கட்டையை விட்டு வருவான். ஒரு பார்வை பார்ப்பான். பளிச்சென்ற சிவப்பு என்றால் இன்று காலை, லாரியிலிருந்து இறக்கும்போது பட்ட அடி. கருநீலம் என்றால் ஒரு நாளைக்கு மேல், லாரியில் மிதிபட்டது. ஓரம் பச்சையோடியிருந்தால் நாலு நாள். பண்ணையிலேயே எவனோ தடியால் போட்டிருக்கிறான். அவன் சொன்ன பிறகுதான் யாரைத் திட்டுவது என்று மேஸ்திரி முடிவு செய்வார்.

பதினாறு வருடத்தில் அவன் சொன்னது ஒருமுறைகூடத் தப்பியதில்லை. சொல்லிவிட்டுத் திட்டைச் சுற்றிக் கத்தியால் ஒரு வட்டம் போடுவான். கட்டிய ரத்தத்தோடு சதை வாளியில் விழும். மீதி ஆடு சுத்தம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவன் கத்தி இரண்டு முறை வழுக்கியது. இடது கையில் கம்பிவலைக் கையுறை இருந்ததால் விரல்கள் தப்பின. மேஸ்திரி பார்த்துவிட்டார்.

“என்னய்யா, நின்னுக்கிட்டே தூங்குறியா?”

“பாப்பாவுக்குப் பல்லு முளைக்குது மேஸ்திரி.”

“முளைக்கிறது அவளுக்கு. உனக்கு என்ன வலி?”

ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். எலும்பு அறுப்பவன் ரம்பத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

“விடுங்க மேஸ்திரி. வீட்டுல பாப்பா அவரக் கடிக்குது. இங்க வந்து அவரு நம்மளக் கடிக்கிறாரு.”

அவனும் சிரித்தான். பதினொரு நாளாக அவன் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை.

விடியுமுன் தொடங்கும் அவன் வேலை பதினொன்றரைக்கு முடியும். அவன் மனைவிக்குச் சலவைக்கூடத்தில் ஒரு மணிக்கு வேலை. விடுதிகளின் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்து மறுபக்கம் வாங்கி மடிப்பாள். நடுவில் இருவருக்கும் பத்து நிமிடம். மூன்றாம் மாடி, நாற்பத்திரண்டு படிகள். அவன் ஏறி வந்து முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவான். அவள் குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டுவாள்.

குழந்தைக்கு ஏழரை மாதம். தாய்மாமன் வைத்த பெயர் பொக்கை. வேறு பெயரும் இருந்தது, யாரும் கூப்பிடவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பெருமையில் கைதட்டினாள். மறுநாளிலிருந்து எச்சில் ஒழுகியது. மோவாய் சிவந்து புண்ணானது. காதைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். கட்டில் விளிம்பு, ரிமோட், அப்பாவின் தோள், எது வாய்க்கு எட்டினாலும் கடித்தாள். கீழ் ஈறு வீங்கிப் பளபளத்தது. உள்ளே ஒன்று சதையை வெட்டிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தது. அவனுக்கு அது என்ன வேலை என்று தெரியும்.

“மருந்து குடுத்துட்டேன். நாலு மணிக்கு முன்னாடி திரும்பக் குடுக்காதீங்க,” என்றாள் மனைவி. “ஸ்பூன் ஃப்ரிட்ஜுல இருக்கு, கடிக்கக் குடுங்க. பழம் மசிச்சு வச்சிருக்கேன். திங்க மாட்டா. இருந்தாலும் குடுத்துப் பாருங்க.”

“நீ சாப்பிட்டியா?”

“பஸ்ஸுல பாத்துக்கிறேன்.”

இறங்கிப் போனாள்.

குழந்தை ஒன்றரை மணிக்கு ஆரம்பித்தாள். ரம்பம் எலும்பில் இறங்கும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம். ஒரே சுருதியில், மூச்சு முடியும்வரை. பிறகு ஒரு இழுப்பு. பிறகு மறுபடியும்.

குளிர்ந்த ஸ்பூனைக் கொடுத்தான். வீசி எறிந்தாள். பழத்தைக் கொடுத்தான். அவன் முகத்தில் துப்பினாள். ஈரத்துணியைக் கொடுத்தான். இரண்டு முறை கடித்தாள், பிறகு அது அவளை ஏமாற்றிவிட்டதுபோல் கத்தினாள். தூக்கிக்கொண்டு நடந்தான். ஜன்னலிலிருந்து கதவுவரை பதினொரு அடி. கதவிலிருந்து ஜன்னல்வரை பதினொரு அடி.

இரண்டரை மணிக்குக் கீழ்வீட்டுத் தையற்காரி துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடித்தாள். அவன் காலுக்கடியில் தரை அதிர்ந்தது. அவன் பதிலுக்குத் தரையைக் காலால் ஓங்கி மிதித்தான். குழந்தை இன்னும் உரக்கக் கத்தினாள்.

தலையைப் பின்னால் வீசி அவன் உதட்டில் மோதினாள். உதடு கிழிந்தது. ரத்தத்தை விழுங்கினான். கழுத்தெலும்பைக் கவ்வினாள். பல்லே இல்லாத வாய்க்கு அவ்வளவு பலம்.

மனைவி ஈறைத் தேய்த்துவிடுவதைப் பார்த்திருக்கிறான். வலது ஆள்காட்டி விரலை வாய்க்குள் விட்டான். தேய்த்தான். கடித்தாள். அழுத்தினான். தலையைத் திருப்பினாள். கட்டைவிரலால் மோவாயைப் பிடித்து நிறுத்தி, இன்னும் அழுத்தினான். அந்த ஒரு கணம் அவன் தேய்த்தது அவள் வலிக்காக அல்ல. அவளை நிறுத்துவதற்காக. அது அவனுக்கு அப்போதே தெரிந்தது.

அவள் வீறிட்டாள். அவளைக் கட்டிலில் போட்டான். வைக்கவில்லை. போட்டான். திரும்பி அலமாரிக் கதவைக் குத்தினான். மறுபடியும் குத்தினான். மூன்றாவது குத்தில் கை பலகையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது.

சத்தம் நின்றது.

அவன் திரும்பிப் பார்த்தான். குழந்தை கண் இமைக்காமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது, அதிலிருந்து எதுவும் வரவில்லை. வரிசையில் முன்னால் நிற்கும் ஆட்டை அறுக்கும்போது பின்னால் நிற்பது அப்படித்தான் பார்க்கும்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு அவள் அழுதாள். இப்போது மெல்ல. அவன் கையைப் பலகையிலிருந்து உருவினான். அவளைத் தூக்கினான். அவள் உடம்பு முழுவதும் அவனை விட்டு விலகி விறைத்துக்கொண்டது.

அலமாரிக் கதவில் ஒரு துண்டைத் தொங்கவிட்டான். இரவு மனைவி அவன் கைமுட்டிகளைப் பார்த்துக் கேட்டாள்.

“கட்டையில பட்டுச்சு,” என்றான்.

வியாழக்கிழமை அவன் படியேறி வந்தபோது மனைவி இன்னும் உடை மாற்றவில்லை. ஜன்னல் பக்கம் நின்று குழந்தையின் கீழுதட்டை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இங்க வாங்க. இதப் பாருங்க.”

அவன் கை கழுவாமல் போனான். கீழ் ஈறின் நடுவில் ஒரு கொப்புளம். பட்டாணி அளவு. கருநீலம். உள்ளே ரத்தம் கட்டியிருந்தது.

“ரெண்டு நாளா பால் சரியாக் குடிக்கல. நான் பல்லுன்னு நெனச்சேன். இது எப்ப வந்திருக்கும்?”

மேஸ்திரியின் குரல் கேட்டதுபோல் அவன் குனிந்தான். நிறத்தைப் பார்த்தான். ஓரம் பச்சையோடவில்லை. நடு கறுத்திருந்தது. ஒரு நாளைக்கு மேல், மூன்று நாளைக்குள்.

“செவ்வாய்க்கெழம,” என்றான்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்குக் கேட்டது.

அவள் உதட்டை விட்டாள். “செவ்வாய்க்கெழம என்ன ஆச்சு?”

அவன் கை கழுவத் திரும்பினான்.

“விழுந்துட்டாளா?”

“இல்ல.”

“அப்புறம்?”

அவன் அலமாரியைப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. அவள் நடந்துபோய்த் துண்டை இழுத்தாள். பலகை உடைந்து உள்ளே மடங்கியிருந்தது. விளிம்பில் காய்ந்த ரத்தம். அவள் ஓட்டையைப் பார்த்தாள். அவன் முட்டிகளைப் பார்த்தாள். குழந்தையின் வாயைப் பார்த்தாள்.

“கட்டையில பட்டுச்சுன்னு சொன்ன.”

கல்யாணமான மூன்று வருடத்தில் அவள் அவனை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

“சொல்லு. என் புள்ளைய அடிச்சியா?”

அவனுக்கு விரல் ஞாபகம் வந்தது. விரலுக்கடியில் அந்த ஈறு. அழுத்திய அழுத்தம்.

“தெரியல,” என்றான்.

அவள் பையை எடுத்தாள். தடுப்பூசி அட்டையை எடுத்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பு இல்லாமல் இறங்கினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் போனில் பேசுவது கேட்டது. “அண்ணே... ஆமாண்ணே. இப்பவே கெளம்பு. நான் டாக்டர்கிட்ட போறேன். நீ வீட்டுக்குப் போ.”

அவன் முழங்கைவரை கையைக் கழுவினான். நாற்காலியில் உட்கார்ந்தான். தப்பிப் போவதற்கு நேரம் இருந்தது. போகவில்லை.

அவள் அண்ணன் சரக்குக் கிடங்கில் மூட்டை ஏற்றுபவன். அவர்களுடைய அப்பா பெல்ட்டால் அடிப்பவர். கொக்கி இருக்கும் பக்கத்தால். தங்கைக்கு விழ வேண்டியதையும் சேர்த்து வாங்கிய முதுகு அண்ணனுடையது. ஒருமுறை சட்டை மாற்றும்போது அவன் பார்த்திருக்கிறான். பழைய தழும்பு. அதற்கு நாள் சொல்ல அவனால் முடியவில்லை.

இருபது நிமிடத்தில் கீழே சின்ன லாரி வந்து நின்றது. படியில் கனமான கால்கள். இரண்டாம் மாடியில் தையற்காரி வழிமறித்தாள்.

“தம்பி, ஒரு நிமிஷம். நான் மூட்டி விடுறேன்னு நெனைக்காத. செவ்வாய்க்கெழம மத்தியானம் மூணு அடி. டமார், டமார், டமார். அப்புறம் புள்ள சத்தத்தையே காணோம். நான் தையல நிறுத்திட்டு மூச்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

“சரிக்கா. உள்ள போங்க.”

மச்சான் கதவைத் தட்டவில்லை. அலமாரியைப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்தான்.

“எழுந்திரு.”

அவன் எழுந்தான்.

“நீயா?”

“நான்தான் மச்சான்.”

மச்சான் விட்ட முதல் அறையில் காது அடைத்தது. இரண்டாவதில் சுவர் முகத்துக்கு வந்தது. விழுந்தவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி ஃப்ரிட்ஜில் மோதினான். உள்ளே கண்ணாடி ஏதோ உடைந்தது. வயிற்றில் முழங்காலால் இடித்தான். மூட்டையைத் தூக்குவதுபோல் இடுப்பைப் பிடித்துத் தூக்கித் தரையில் போட்டான். அவன் கையை உயர்த்தவில்லை. அது மச்சானுக்கு இன்னும் வெறியேற்றியது.

“திருப்பி அடிடா. என்னை அடிக்க மாட்டியா? புள்ளைய மட்டும்தான் அடிப்பியா?”

அவன் வாயில் ரத்தம் நிறைந்தது. துப்பினால் தரை அழுக்காகும் என்று நினைத்தான். விழுங்கினான்.

“ஏழு மாசப் புள்ளடா. என்னத்த வச்சு அடிச்ச?”

“அடிக்கல. விரலால அமுக்கினேன். ஈறுல.”

“எந்தக் கை?”

அவன் வலது கையை நீட்டினான்.

“எந்த விரல்?”

காட்டினான்.

மச்சான் ஒரு கணம் அதைப் பார்த்தான். கத்தி பிடித்துக் காய்த்த விரல். பிறகு மணிக்கட்டைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போனான். இரும்புக் கதவு. நிலைச்சட்டத்தில் கையை வைத்து அழுத்தினான். மறு கையால் கதவை இழுத்துச் சாத்தினான்.

அந்தச் சத்தம் அவனுக்குப் பழக்கமானது. சின்ன எலும்பு. கோழிக் கழுத்து.

அலறினான். மாடி முழுவதும் கேட்கும்படி அலறினான். கீழே தையல் மெஷின் நின்றது.

மச்சான் கதவைத் திறந்தான். அவன் கீழே உட்கார்ந்தான். கை அவனுடையதுபோல் இல்லை. இரண்டு விரல்கள் வேறு பக்கம் பார்த்தன. மச்சான் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். இருவருக்கும் மூச்சு வாங்கியது. ஃப்ரிட்ஜுக்கடியிலிருந்து பால் வழிந்து தரையில் பரவியது. மச்சான் எழுந்து ஒரு துணியை எடுத்து அதைத் துடைத்தான். மறுபடியும் வந்து உட்கார்ந்தான்.

முக்கால் மணி நேரம் கழித்துப் படியில் அவள் குரல் கேட்டது. ஓடி வந்துகொண்டிருந்தாள்.

“அண்ணே! ஒண்ணுமில்லண்ணே! பல்லாம்! வெறும் பல்லுதானாம்!”

வாசலுக்கு வந்தாள். நின்றாள். குழந்தை அவள் தோளில் ஒரு துணிச் சுருளைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“பல்லு மேல வர்றப்ப சில புள்ளைங்களுக்கு அதுக்கு மேல ரத்தம் சேருமாம்,” என்றாள். குரல் இறங்கிக்கொண்டே போனது. “அடியெல்லாம் இல்லையாம். அழுத்துனா இப்படி வராதாம். தானா ஒடஞ்சிடும்னாங்க. டாக்டரம்மா சிரிச்சாங்க.”

மச்சான் தன் கைகளைப் பார்த்தான். பிறகு அவன் கையைப் பார்த்தான்.

“அப்ப நீ ஏன்டா ஒத்துக்கிட்ட?”

“கலரு அப்படித்தான் இருந்துச்சு மச்சான்.”

“என்ன கலரு?”

“ரெண்டு நாள் கலரு.”

மச்சான் சிரிப்பதுபோல் ஏதோ செய்தான். அது சிரிப்பாக வரவில்லை. “புள்ள வாயில ஆட்டுத் தொடையப் பாத்தியாடா, கூமுட்ட.”

அலமாரியில் தொங்கிய அதே துண்டை எடுத்துக் கையைச் சுற்றினான். படியில் அவனைத் தாங்கி இறக்கினான். அவள் வாசலிலேயே நின்றாள். கூட வரவில்லை.

லாரியில் போகும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் அவன் பல்லைக் கடித்தான். மச்சான் சாலையைப் பார்த்தபடி கேட்டான்.

“அந்த அலமாரி?”

“அது நான்தான்.”

“அலமாரி அங்க இல்லேன்னா?”

அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெம்பு இல்லை.

“தெரியல மச்சான்.”

மச்சான் கொஞ்ச நேரம் ஓட்டினான். ஒரு திருப்பத்தில் கியரை மாற்றினான்.

“எங்கப்பாவும் மொதல்ல கதவுலதான் ஆரம்பிச்சாரு,” என்றான்.

இரண்டு விரலில் மூன்று முறிவு. முழங்கைவரை மாவுக்கட்டு. ஆறு வாரம் கத்தியைத் தொடக் கூடாது. எப்படி ஆனது என்று மருத்துவமனையில் கேட்டார்கள். கதவில் மாட்டிக்கொண்டது என்றான். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மேஸ்திரிக்குப் போன் செய்தபோது அவர் கேட்டார். “அதுல எது எந்த நாள் அடின்னு சொல்லிடுவியே?” எலும்பு அறுப்பவன் பின்னால் சிரிப்பது கேட்டது. அவன் போனை வைத்தான்.

மனைவி ஞாயிறுவரை விடுப்பு எடுத்தாள். மூன்று நாளும் அவள் அவனோடு பேசியது பத்து வார்த்தைக்குள். குழந்தையை அவன் பக்கத்தில் விட்டுவிட்டு அடுக்களைக்குப் போக மாட்டாள். தூக்கிக்கொண்டே போவாள். ஒரு கையால் அடுப்பைப் பற்றவைப்பாள். அவன் மாவுக்கட்டோடு பார்த்துக்கொண்டிருப்பான். மச்சானின் முட்டி பட்ட இடத்தைவிட அது வலித்தது.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. போகாவிட்டால் அவளுடைய உருளைக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“டாக்டரம்மா ஒண்ணு சொன்னாங்க.”

“சொல்லு.”

“தாங்க முடியலேன்னா புள்ளையத் தரையில பாய் போட்டு வைங்க. சுத்தி ஒண்ணும் இல்லாமப் பாத்துக்குங்க. வச்சிட்டு வெளிய வந்துடுங்க. கதவ மட்டும் சாத்தாதீங்க. படியில உக்காருங்க. அழுதா அழட்டும். அழுது யாரும் செத்துப் போனதில்லையாம்.”

“சரி.”

“அலமாரி வேண்டாம். சுவரு வேண்டாம். படி.”

“சரி.”

கொடுத்தாள். அவன் இடது கையில் வாங்கினான். அவள் விரல்கள் குழந்தையின் சட்டையை உடனே விடவில்லை. பிறகு விட்டன. இறங்கிப் போனாள். இப்போதும் மரியாதையாகத்தான் பேசினாள். அதில் பழைய நெருக்கம் இல்லை.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவன் சமாளித்தான். கட்டுப்போட்ட கையைக் குழந்தை கடிக்கக் கொடுத்தான். மாவு கரைந்தது. புதன்கிழமை மச்சான் வந்தான்.

“நீ கொஞ்சம் தூங்கு மாப்ள. நான் பாத்துக்கிறேன். அம்பது கிலோ மூட்ட தூக்குறவன் நான், இந்த எட்டுக் கிலோ என்ன பண்ணிடும்?” குழந்தையைத் தலைக்குமேல் தூக்கினான். “ஏ பொக்க. மாமன் வந்துட்டேன்.”

அவன் படுத்தான். இருபது நிமிடம். பிறகு தோளில் ஒரு தட்டு. மச்சான் முகம் வியர்த்திருந்தது. சட்டை முழுக்க எச்சில். மூக்கில் நகக்கீறல்.

“மாப்ள, கொஞ்சம் புடி. நான் கீழ போய் வண்டியப் பாத்துட்டு வர்றேன்.”

அவன் குழந்தையோடு ஜன்னலுக்குப் போனான். கீழே மச்சான் லாரியின் பின்சக்கரத்தை உதைத்துக்கொண்டிருந்தான். ஒரு முறை. இரண்டு முறை. செருப்பு கழன்று பறந்தது. போய் எடுத்து மாட்டிக்கொண்டு வந்து மறுபடியும் உதைத்தான். நிமிர்ந்து பார்த்தபோது இருவர் கண்ணும் சந்தித்தன. மச்சான் வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை. மனைவி இறங்கிய சிறிது நேரத்தில் குழந்தை ஆரம்பித்தாள். அதே ரம்பம். ஸ்பூன் பறந்தது. துணி பறந்தது. மாவுக்கட்டால் அவளைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. அவள் வில்லாக வளைந்து பின்னால் விழப் பார்த்தாள். இழுத்துப் பிடித்தான். அவன் தோளில் முகத்தைப் புதைத்துக் கவ்வினாள். ஏதோ கீறியது. ஊசிபோல் ஒன்று. அவளை விலக்கிப் பார்த்தான். மோவாயில் ரத்தம். அவன் சட்டையில் ரத்தம். அவள் வாய் முழுக்க ரத்தம்.

குனிந்து பார்த்தான். கொப்புளம் இல்லை. உடைந்திருந்தது. அதன் இடத்தில் ஒரு வெள்ளை விளிம்பு. நகத்தைவிடச் சின்னது.

சந்தோஷப்பட நேரம் இல்லை. அவள் அவன் காதுக்குள் கத்தினாள். கத்தியபடி மாவுக்கட்டை உதைத்தாள். உள்ளே உடைந்த எலும்பு நகர்ந்தது. கண் இருட்டியது. இடது கை தானாக இறுகுவதை அவன் பார்த்தான். அவள் விலாவைச் சுற்றி இறுகியது. சின்ன விலா. ஒவ்வொன்றும் விரலுக்குத் தட்டுப்பட்டது.

பாய் விரித்தே இருந்தது. மண்டியிட்டான். அவளை வைத்தான். போடவில்லை. வைத்தான். எழுந்தான். அலமாரியைத் தாண்டினான். கதவைத் திறந்துபோட்டு வெளியே வந்தான்.

மேலிருந்து மூன்றாவது படியில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

சலவைக்கூடத்துச் சீருடை. மடியில் சாப்பாட்டுப் பை. அவள் வேலைக்குப் போகவே இல்லை.

அவள் நிமிர்ந்தாள். அவன் சட்டையில் ரத்தத்தைப் பார்த்தாள். பை படியில் உருண்டது. அவனைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். அவன் சுவரில் மோதி நின்றான். தான் சொல்லி அவள் நம்பத் தேவையில்லை என்று நினைத்தான். அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

உள்ளே அழுகை. பிறகு அவள் குரல். பிறகு தண்ணீர்ச் சத்தம். பிறகு வேறு ஏதோ ஒன்று. டிக். இடைவெளி. டிக், டிக். ஸ்பூனில் பல் படும் சத்தம். வெறும் ஈறு பட்டால் அப்படி வராது.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். குழந்தை விக்கிக்கொண்டு ஸ்பூனைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் மூன்றாவது படியில் உட்கார்ந்தாள். அவன் இரண்டாவதில். கீழ்வீட்டுக் கதவு திறந்து, தையற்காரியின் தலை தெரிந்து, மறைந்தது.

“எத்தன நாளா?” என்றான்.

“திங்கக்கெழமையிலேருந்து.”

“வேலை?”

“அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போறேன். பஸ் லேட்டுன்னு சொல்றேன். நேத்து சூப்பர்வைசர் எந்த பஸ்ஸுன்னு கேட்டான்.”

அவன் தன் இடது கையைப் பார்த்தான். இப்போது விரிந்திருந்தது.

“இன்னைக்கு அமுக்கப் பாத்தேன்,” என்றான். “கை இறுகுச்சு. அதான் வச்சிட்டு வந்தேன்.”

அவள் குழந்தையின் சட்டையைத் தூக்கி விலாவைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒன்றும் இல்லை. சட்டையை இறக்கினாள்.

“வச்சிட்டு வந்தீங்க,” என்றாள்.

குழந்தை ஸ்பூனை நீட்டி அவன் மாவுக்கட்டில் தட்டினாள். பதில் வருமா என்று பார்த்தாள். மறுபடியும் தட்டினாள்.

அவள் எழுந்தாள். பையைப் பொறுக்கினாள். குழந்தையை அவன் இடது கையில் கொடுத்தாள். இந்த முறை சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

“நாளைக்கும் உக்காருவியா?” என்றான்.

அவள் யோசித்தாள்.

“ஒரு படி கீழ உக்காருறேன்.”

இறங்கினாள். அவன் எண்ணினான். முப்பத்தொன்பதாவது படிக்குப் பிறகு தெருவின் சத்தம். குழந்தை அவன் ஆள்காட்டி விரலைத் தேடினாள். அது கட்டுக்குள் இருந்தது. இடது விரலைக் கொடுத்தான். கடித்தாள். தோல் கிழிந்தது. அவன் விரலை எடுக்கவில்லை.

உள்ளே போனான். கதவைச் சாத்தவில்லை.